நெய் டின்னில் இருந்த மெழுகு

1

நேற்று எங்கள் வீட்டில் வாழைப்பழப் பலகாரம் சுட்டோம். பழத்தை நீளவாக்கில் கீறி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். இங்கே அதைப் பீசாங் கோரேங் என்பார்கள். ஊரில் இருப்பவர்கள் வாழைக்காய் பஜ்ஜியை நினைத்துக்கொண்டு, காய்க்குப் பதில் பழத்தை வைத்துக்கொண்டால் சரியாக வரும். என் மகள் தங்கத்தின் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் இதைச் சுடுகிறேன். பிள்ளைகள் கேக்கும் வெட்டினார்கள், அது அவர்கள் பாடு. நான் பலகாரம் சுட்டு முதல் தட்டை எதிர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எதிர் வீடு வைரப்பன் வீடு. வைரப்பன் செத்துப் பல வருஷமாகிவிட்டது. அதற்காகத் தட்டை நிறுத்த முடியுமா?

இந்தத் தட்டு அன்பினால் போகிறது என்றுதான் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதியில் எல்லோரும் நினைக்கிறார்கள். "அந்தப் பாட்டிக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று கோயிலில் கூட ஒருத்தி சொன்னாளாம். கேட்டு எனக்கு ஒரே சிரிப்பு. அது அன்பு இல்லை, பழி. இத்தனை வருஷம் அனுப்பியும் அது போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. நேற்றுச் சாயங்காலம் தெரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. அதனால்தான் வசந்தாவைக் கூப்பிட்டு, எடுடி பேனாவை என்றேன்.

வசந்தா என் மகன் மனைவி. தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. கீழ்வேளூரில் என் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தேன். அங்கே பெண் பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்றார்கள், நானும் மாங்காய் பறிக்கப் போய்விட்டேன். இப்போது நான் சொல்லச் சொல்ல வசந்தா புத்தகத் தமிழில் எழுதுகிறாள். "அத்தை, நீங்க பேசறத அப்படியே எழுதுனா ஊர்ல யாருக்கும் புரியாது, பாதி மலாய் கலந்து கெடக்கு" என்கிறாள். எது மலாய், எது தமிழ் என்று எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சரி, அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

2

கதைக்குள் போகும் முன் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கத்தின் மகள் தர்ஷினி கட்டடங்களுக்குப் படித்தவள். வீடு கட்டுகிறவள் இல்லை. கட்டின வீடு வேகாமல் எப்படி இருப்பது என்று பார்க்கிற படிப்பாம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் சொல்லித்தான் தெரியும். போன விடுமுறைக்கு வந்தவள் ஏணி போட்டு எங்கள் கூரைக்குள் ஏறினாள். இறங்கி வந்து, தலையில் ஒட்டடையோடு சொன்னாள்.

"பாட்டி, இந்த வீட்டுக்கு ஏர்கோன் வேணாம். நான் மேல மெழுகு வைக்கப் போறேன்."

"மெழுகா? தீப்பிடிச்சிடாதாடி?"

"சும்மா ஊத்த மாட்டேன் பாட்டி. அலுமினியப் பையில அடைச்சு வரும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல பரப்பிடுவேன். பகல்ல ஓடு காயுதுல்ல? அந்தச் சூடு கீழ எறங்கறதுக்குள்ள மெழுகு முழுங்கிக்கும். ராத்திரி ஜன்னலத் தெறந்து காத்து விட்டா, முழுங்குனத வெளிய விட்டுட்டுத் திரும்பக் கெட்டியாயிடும்."

நான் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டேன். மெழுகு சூட்டை விழுங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏன் விழுங்குகிறது என்பது எனக்கு இந்த வயது வரைக்கும் தெரியாது.

"கல்லும்தானே முழுங்குது? கல்லு உடனே ஆறிடுது, மெழுகு மட்டும் ஏன் ஆற மாட்டேங்குது?"

தர்ஷினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாட்டி இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லு சூட்ட வாங்குனா சூடாயிடும், குடுத்தா ஆறிடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மெழுகு அப்படி இல்ல. உருகிக்கிட்டு இருக்கிற வரைக்கும் வாங்குற சூடெல்லாம் உருகுறதுக்கே போயிடும், அதுக்கு மேல சூடு ஏறாது. ஐஸ் போட்ட தண்ணி, ஐஸ் கரையிற வரைக்கும் ஜில்லுனே இருக்குல்ல? அந்த மாதிரிலா. திரும்பக் கெட்டியாகும்போது, வாங்குனத மெதுவாத் திருப்பிக் குடுக்கும். எல்லாம் இறுகி முடியிற வரைக்கும் ஒரே சூட்டுல நிக்கும்."

நான் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். நின்றது எனக்குத் தெரியும். ஏன் நின்றது என்று இப்போதுதான் தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் விடை தெரியாமல் வைத்திருந்த கேள்வி.

"ராத்திரி குளிரலன்னா?"

"அதான் நம்ம ஊர்ல கஷ்டம். குளிரலன்னா மெழுகு இறுகாது. மறுநாள் முழுங்க எடம் இருக்காது. மழ பேஞ்ச ராத்திரிக்கு அப்பறம் நல்லா வேல செய்யும்."

இறுகாமலே இருக்கிறது என்றதும் எனக்கு வைரப்பன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மேல் எனக்கு இருக்கிறதும் அப்படித்தான். எத்தனை மழை பெய்தும் இறுகவில்லை.

3

நான் கப்பலேறும்போது கீழ்வேளூரில் என் சிற்றப்பா மனைவி, சித்தி, வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "அந்தச் சீமைக்குப் போனவ எவ புள்ள பெத்து வளத்தா? போய்ட்டு வாடியம்மா" என்றாள். போகிற பெண்ணுக்குச் சொல்கிற வார்த்தையா அது? அவளுடைய பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் நல்லது. நான் மறக்கவில்லை என்று தெரியட்டும்.

என் வீட்டுக்காரர் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருப் பக்கம் ஒரு சீனருடைய மெழுகுவர்த்திப் பட்டறையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் வந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். மிச்சம் கிடந்த வெள்ளை மெழுகை இவர் ஒரு பழைய நெய் டின்னில் உருக்கி ஊற்றிக்கொண்டு வந்தார். டின்னில் பசுமாட்டுப் படம் இருந்தது. எத்தனை கழுவியும் நெய் வாசம் போகாத டின். உருக்கி ஊற்றியதில் மெழுகுக்கும் அந்த வாசம் ஏறிவிட்டது. அதை மோந்து பார்த்துக்கொண்டே மரவள்ளிக்கிழங்கைத் தின்போம். அப்போது அரிசியையே கண்ணால் பார்க்க முடியாது, நெய்க்கு எங்கே போவது?

ஜப்பான்காரன் தெருவுக்குத் தெரு ஒரு தலைவரை வைத்தான். எங்கள் தெருவுக்கு வைரப்பன். மளிகைக் கடை வைத்திருந்தவர். தெருவில் என்ன நடந்தாலும் அவர் போய்ச் சொல்ல வேண்டும், அவன் என்ன சொன்னாலும் அவர் வந்து செய்ய வேண்டும். ஒரு நாள், சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள் கேட்டான். வைரப்பன் வீட்டிலேயே அவருடைய மச்சினன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், காளை மாதிரி. அவனை உள்ளே அனுப்பிவிட்டு வைரப்பன் தெருவைக் கடந்து எங்கள் வீட்டைக் காட்டினார்.

"பட்டறை மூடிக் கெடக்கு, ஆளு சும்மாதானே இருக்காரு. மூணே மாசம்மா, திரும்பிடுவாரு" என்றார் என்னிடம்.

எனக்கு அப்போது எட்டாவது மாசம். என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றினார்கள். அடுத்த நாளே எனக்கு வலி கண்டுவிட்டது.

பக்கத்து வீட்டில் மக்சிக் தெய்வானை இருந்தார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை முறை. அவர்கள் மலாக்காச் செட்டிகள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு பூசுவார், முருகனைக் கும்பிடுவார், ஆனால் தமிழ் வராது. மலாய்தான் பேசுவார். நான் மலாக்கா வந்த புதிதில் அவர் அடுப்பைக் காட்டி "பானாஸ், பானாஸ்" என்பார். சுடும் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் ஒரு பானையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன். அந்த மனுஷிதான் தங்கத்தை எடுத்தவர்.

பிள்ளை ஒரு கைக்குள் அடங்கியது. அழக்கூட இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். மக்சிக் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதம் சில்லென்று இருந்தது. மலாக்காவில் குளிரா என்று கேட்பீர்கள். அது மழைக்காலம். எங்களுக்குக் குளிராது. அந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளச் சதை இல்லை. சூட்டோடு வைத்திருந்தால் பிழைக்கும், விட்டால் போய்விடும் என்று மக்சிக் கையால் சாடை காட்டிச் சொன்னார்.

அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கல்லைச் சுட்டு, இலையும் துணியும் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுப்பார்கள். மக்சிக் அந்தக் கல்லையே துணியில் சுற்றிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தார். முதலில் துணியே கருகுகிற அளவு சூடு. கொஞ்ச நேரத்தில் சப்பென்று ஆறிவிடும். பகலில் பரவாயில்லை, மாற்றி மாற்றிச் சுடலாம். ஆனால் பொழுது சாய்ந்தால் எந்த வீட்டிலும் நெருப்பு தெரியக்கூடாது, விமானம் பார்த்துவிடும் என்று உத்தரவு. எங்கள் வீடு பலகை வீடு, இடுக்கு வழியாக ஒரு தணல் கூட வெளியே தெரியும். வைரப்பன் தெருவில் தடியோடு நடப்பார்.

ஒரு நாள் கல்லைச் சுடும்போது மெழுகு டின்னும் அடுப்போரம் இருந்து உருகிவிட்டது. மக்சிக் இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து கல்லைத் தொட்டார், ஆறிக் கிடந்தது. டின்னைத் தொட்டவர் கையை உதறினார். "பானாஸ்!" என்றார். இந்தத் தடவை நான் பானை எடுக்கப் போகவில்லை.

அன்றிலிருந்து பகலில் மெழுகை உருக்கி, டின்னை மூடி, என் வீட்டுக்காரருடைய வேட்டியை நாலு மடிப்பாகச் சுற்றி, பிள்ளையின் தொட்டில் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். மேலே பால் ஆடை மாதிரி படரும். விரலால் அமுக்கிப் பார்ப்பேன். அமுங்கினால் உள்ளே இன்னும் உருகிய மெழுகு இருக்கிறது, பயமில்லை என்று படுப்பேன். விடிகிற வரைக்கும் தாங்கியது. பாதம் சிவந்தது. பால் குடிக்க வாய் வைத்தது. "ஜங்ஙான் தாக்குட், நாக்" என்றார் மக்சிக். பயப்படாதே மகளே என்று அர்த்தம்.

4

நல்ல காலம் நீடிக்க வைரப்பன் விடுவாரா?

ஒரு காலையில் வந்து நின்றார். மச்சினனும் கூட. "ஒங்க வீட்டுப் பக்கம் வந்தா கதகதன்னு இருக்கு. ராத்திரி நெருப்பு வைக்கிறியாம்மா?" என்றார்.

"நெருப்பு ஏதுண்ணே? அடுப்பப் பாருங்க, நேத்து மத்தியானச் சாம்பல்தான் கெடக்கு."

அடுப்பைக் குச்சியால் கிளறினார். ஒன்றும் இல்லை. பிள்ளை இருந்த பெட்டிக்குள் கையை விட்டார். வேட்டிச் சுற்றைப் பிரித்தார். பசுமாட்டுப் படம் தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தார். வெள்ளையாக, பாதி இறுகி, விளிம்பில் குருணை கட்டி இருந்தது. விரலால் அமுக்கினார், அமுங்கியது. மோந்து பார்த்தார்.

"நெய்யி!"

"இல்லண்ணே, மெழுகு. அவர் பட்டறையில கொண்டாந்தது. புள்ளைக்குச் சூட்டுக்கு வெச்சிருக்கேன்."

"மெழுகுக்கு எவளாவது வேட்டி கட்டி, புள்ளகூடப் படுக்க வெப்பாளா? மளிகைக் கடக்காரன்கிட்டயே நெய்ய மெழுகுங்கிற. ஊரே கெழங்கு திங்குது, நீ நெய்யப் பதுக்கி வெச்சிருக்க."

"சத்தியமா மெழுகுண்ணே. வாயில வெச்சுப் பாருங்க."

பிள்ளையின் ஈரத் துணிகளுக்கு நடுவில் இருந்த டின் ஆயிற்றே, வாயில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மச்சினனிடம் கொடுத்தார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன். பச்சை உடம்புக்காரி, எழுந்து நிற்கவே தள்ளாடும். "அது போனா என் புள்ள போயிடும்ணே" என்று அவர் காலைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். அவர் காலை உதறிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் பண்டார் ஹிலிரிலிருந்து ஜப்பான் அதிகாரி வருகிறானாம், விருந்தாம். நெய்யில் பலகாரம் சுட்டுப் போட்டால் மனம் குளிர்ந்துவிடுமாம். போகிற போக்கில் மச்சினனிடம் பேசிக்கொண்டே போனார்.

5

மக்சிக் ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உஜோங் பாசிருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே போர்த்துகீசிய வழி மீனவர்கள் இருக்கிறார்கள். சாமி படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள். எரிந்து மிஞ்சின துண்டுகள் கிடைக்கும் என்று அவர் கணக்கு. அவ்வளவு தூரம் அந்த வயதில் நடந்தே போனார்.

நான் பிள்ளையை ரவிக்கைக்குள் வைத்து, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் மழை பிடித்தது. பாதம் மறுபடியும் சில்லிட ஆரம்பித்தது. சித்தி சொன்ன வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருந்தது. அழுகை வரவில்லை எனக்கு, ஆத்திரம்தான் வந்தது. பலகை இடுக்கில் கண்ணை வைத்து எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டது. அதிகாரி வந்தான். அவனோடு இரண்டு பேர், அவன் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்கிற ஆள் ஒருவன். வைரப்பன் வாசலிலேயே மேசை போட்டிருந்தார், தெரு பார்க்க வேண்டும் அல்லவா? மரவள்ளி மாவில் தோய்த்த வாழைப்பழம், தட்டு தட்டாக வந்தது. சுடச்சுட ஆளுக்கு ஒன்று தின்றார்கள். அதிகாரி தலையை ஆட்டினான். வைரப்பன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நெளிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. மெழுகைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்கிறானே என்று.

அப்புறம் ஏதோ பேச்சு நீண்டது. தட்டு ஆறியது.

அதிகாரி இரண்டாவதை எடுத்துக் கடித்தான். மெல்வதை நிறுத்தினான். விரலை வாய்க்குள் விட்டுப் பல்லிலிருந்து எதையோ உரித்தான். வெள்ளையாக, நகம் மாதிரி வந்தது. தட்டைப் பார்த்தான். பலகாரம் எல்லாம் வெள்ளை பூத்துப்போய், சுண்ணாம்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவனும் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அறை விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒன்று இல்லை. வைரப்பனின் தொப்பி மழைத் தண்ணீரில் போய் விழுந்தது. மச்சினன் வீட்டுக்குள் ஓடியவன் ஓடியவன்தான்.

அவர் கை எங்கள் வீட்டைக் காட்டிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. நஞ்சு வைத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார் போல. எல்லோரும் தெருவைக் கடந்து வந்தார்கள். முன்னால் அதிகாரி, பின்னால் கன்னம் வீங்கின வைரப்பன், கையில் டின்.

"இந்த டின்னு ஒன்னோடதுதானான்னு கேக்குறாரு" என்றான் பேச்சை மாற்றிச் சொல்கிறவன்.

"எங்களுதுதான். மெழுகுன்னு சொன்னேன், தலைவர் நம்பல. என் புள்ளக்கிச் சூட்டுக்கு வெச்சிருந்தேன்."

"மெழுகுல என்ன சூடு?"

எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில்தான் மக்சிக் வந்து சேர்ந்தார், முழுக்க நனைந்து. உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர், பயப்படவில்லை. மடியில் இருந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை அதிகாரி காலடியில் கொட்டினார். ஒன்றை எடுத்து டின்னில் இருந்த மெழுகில் உரசிக் காட்டினார், இரண்டும் ஒன்று என்று. பிறகு அடுப்பைக் காட்டி, டின்னைக் காட்டி, வேட்டியைச் சுற்றி, பெட்டியில் வைத்து, என் சேலையை விலக்கிப் பிள்ளையைக் காட்டினார். பேச்சே இல்லை. கூத்துக்காரர் தோற்றார்.

அதிகாரி குனிந்து தங்கத்தின் பாதத்தை ஒரு விரலால் தொட்டான். அவனை நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றினது அவன் கூட்டம்தான். ஆனால் திரும்பி வைரப்பனைப் பார்த்து என்னமோ குரைத்தான்.

"உருக்கி, சூடாக் கொண்டாந்து குடுக்கச் சொல்றாரு. நீங்களே" என்றான் மாற்றிச் சொல்கிறவன்.

இருட்டுவதற்கு முன் வைரப்பன் தன் வீட்டு விறகில் மெழுகை உருக்கி, டின்னைத் துணியால் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். அதில் வாழைப்பழத் துணுக்குகள் மிதந்தன. அன்று ராத்திரி பெட்டிக்குள் பலகார வாசம். தங்கத்தின் பாதம் சூடேறியது.

6

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரு நாளைக்குக் கொண்டுவரச் சொன்னானா, எத்தனை நாளைக்குச் சொன்னான் என்று அதிகாரியிடம் திரும்பிக் கேட்கிற தைரியம் வைரப்பனுக்கு இல்லை. அதனால் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். காலையில் டின்னை எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் சூடாகக் கொண்டுவருவார். ஒரு நாளைக்குத்தான் அண்ணே, போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா?

விரலால் அமுக்கிப் பார்ப்பேன். "இன்னும் சரியா உருகல தலைவரே, அடியில கட்டியாக் கெடக்கு. எடுத்துட்டுப் போய் இன்னொரு தடவ வைங்க" என்பேன். தெருவே வாசலில் நிற்கும். தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போவார். மக்சிக் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்குவார். தங்கம் உருண்டு திரண்டு, பெட்டிக்குள் இடம் போதாமல் போன பிறகுதான் வேண்டாம் என்றேன்.

சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. மூன்று மாசம் என்று சொன்ன வைரப்பன் வாயில் மண் விழ. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நான் அங்க என்னென்னமோ நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீ அந்தாளை மெழுகு தூக்க வெச்சிருக்க" என்றார். பிறகு சொன்னார், "அந்தப் பலகாரத்த அவர மறக்க விடாத."

தங்கத்துக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பதியப் போனால் குமாஸ்தா "தாரிக் லாஹிர்?" என்றான், பிறந்த தேதி. யாருக்குத் தெரியும்? கிழமையே தெரியாமல் வாழ்ந்த காலம் அது. தெருவில் மதிப்பான ஒரு சாட்சியைக் கூட்டி வா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினான். நான் யாரைக் கூட்டிப் போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வைரப்பனைத்தான். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பிள்ளை எப்போது பிறந்தது என்று குமாஸ்தா கேட்க, எனக்குத் தெரியாது என்றார். மக்சிக் விடவில்லை. "ஹாரி டியா கெனா தம்பார்" என்று அவரைக் காட்டினார். இவர் அறை வாங்கின நாளை ஒட்டி என்று அர்த்தம். குமாஸ்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தத் தேதி மட்டும் தெரியுமா என்று கேட்டான். வைரப்பன் வருஷம், மாசம், நாள் எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னார். மறக்க முடியுமா என்ன? குமாஸ்தா அதையே எழுதிவிட்டான். பிறந்தது அதற்குச் சில நாள் முன்னால்தான், ஆனால் சர்க்கார் தாளில் என் மகளின் பிறந்த நாள் வைரப்பன் அறை வாங்கின நாள். நான் எந்தத் திருத்தமும் கேட்கவில்லை.

கையோடு தங்கத்தைப் படம் பிடித்து, சித்திக்கு அனுப்பினேன். கொழுகொழுவென்று, கையில் வளையலோடு. பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

அந்த வருஷத்திலிருந்து தட்டு போகிறது. வைரப்பன் தெரு பார்க்க வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? உள்ளே போய்த் தின்றாரா, நாய்க்குப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இத்தனை வருஷக் குறை.

7

நேற்றுச் சாயங்காலம் காலித் தட்டைக் கொடுக்க வைரப்பனின் பேரன் தினேஷ் வந்தான். நல்ல பையன். மேற்குப் பார்த்த வீடு, வேகிறது, எங்களுக்கும் மெழுகு வைத்துக் கொடு என்று தர்ஷினியிடம் கேட்க வந்தான். அவள் மேலேயிருந்து ஒரு பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பாதி உருகி இருந்தது. அவன் விரலால் அமுக்கினான்.

"ஐயோ, நெய் மாதிரியே இருக்கு பாட்டி!"

எனக்குப் புரை ஏறிவிட்டது. தர்ஷினி முதுகில் தட்டினாள். அப்போது வசந்தா அடுப்பிலிருந்து இறக்கின பலகாரத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"சாப்புடுப்பா, சூடா இருக்கும்போதே."

"ஆறட்டும் பாட்டி. எங்க வீட்ல பலகாரம் சூடா சாப்புட மாட்டோம். தாத்தா பழக்கம். நல்லா ஆறணும், வெள்ளையாப் பூக்குதான்னு பாக்கணும், அப்பறம்தான் கை வைக்கணும். பெரிம்மா வீட்லயும் அப்படித்தான்லா. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. சாமி விஷயம்னு விட்டுட்டோம்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எங்க வீட்டுத் தட்டு வந்தா?"

"அதுக்குத் தாத்தா தனியா உக்காந்துடுவாரு. யாரையும் தொட விட மாட்டாரு. மொதல்ல அவர்தான் ஒண்ணு சாப்புடணும். சாப்புட்டுட்டு நாக்கால பல்லைத் தடவிக்கிட்டே இருப்பாரு, ரொம்ப நேரம். அப்பறம்தான் எங்களுக்குக் குடுப்பாரு. ஒங்க மேல அவ்வளவு பாசம் போல."

பிள்ளைகளுக்கு முன்னால் தான் தின்று பார்த்திருக்கிறார். அதைக் கேட்டு மனம் இளகியதா என்று வசந்தா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். இல்லை. சாகிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஆள் பல்லைத் தடவியிருக்கிறார். என் தட்டு ஒன்று கூட வீண் போகவில்லை. என் வீட்டுக்காரர் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

தினேஷ் என்னைப் பார்த்து, "எதுக்குப் பாட்டி சிரிக்கிறீங்க?" என்றான். நான் சொல்லவில்லை. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவன். என் பேத்தியும் அப்படித்தான். அதைச் சொல்லி வருத்தப்படுகிற கிழவிகள் எங்கள் கோயிலில் நிறைய உண்டு, நானும் மற்ற நாளில் வருத்தப்படுவேன். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வசதியாகப் போயிற்று.

அவன் மெழுகுப் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகாரம் அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளை பூக்கவில்லை என்று பார்த்த பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தான். நாக்கு ஒரு தடவை பல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவனுக்கே தெரியாமல்.

மிச்சம் இருந்த பலகாரத்தைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

"வீட்ல எல்லாருக்கும் குடுப்பா. ஆற வெச்சே சாப்புடச் சொல்லு."